பதினோரு கிலோ நாயின் ரிஜிஸ்டர்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்குக் 'கையெழுத்து' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டது அவர் காதில் விழாமல் போனதுமில்லை. முப்பத்தோரு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறவர், தன் கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை என்பதுதான் காரணம். இதில் என்ன இருக்கிறது, எல்லோரும் அப்படித்தானே செய்ய வேண்டும் என்று கேட்கிறவர்கள் எந்தக் கம்பெனியிலும் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். மாதாந்திர சர்வீஸ் என்றால் மற்றவர்களுக்கு மெஷின் ரூம் கதவைத் திறந்து, சத்தம் நன்றாகத்தான் இருக்கிறது என்று காதால் பார்த்துக்கொண்டு, சர்வீஸ் தாளின் பதினாறு கட்டத்திலும் டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போவது. இவர் பதினாறையும் பார்ப்பார். ஒரு முறை சூப்பர்வைசர், "நான் பாத்துட்டேன், நீங்க போடுங்க" என்று பேனாவை நீட்டினார். "நீங்க பாத்ததுக்கு நீங்க போடுங்க சார், நான் பாத்துட்டு வந்து போடுறேன்" என்று சொல்லிவிட்டு இவர் எட்டு மாடி ஏறிப் போனார். சர்வீஸுக்காக லிஃப்டை நிறுத்தியிருந்ததால் படியில்தான் ஏற வேண்டியிருந்தது. அந்த வருடம் அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு சூப்பர்வைசரின் மேஜையைத் தாண்டி வரவில்லை.

குடியிருப்புகளில் அவரைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். "நல்லா ஓடிக்கிட்டு இருக்கிற லிஃப்டை எதுக்குங்க நிறுத்துறீங்க?" என்று காய்கறிப் பையோடு நிற்கும் பெண்மணி கேட்பார். "நின்னுபோன பெறகு வந்தா நான் மெக்கானிக் இல்லம்மா, துக்கம் விசாரிக்க வந்தவன்" என்பார் இவர். ஒன்றும் ஆகாமல் இருப்பதற்காகத்தான் தனக்குச் சம்பளம் என்பது அவருடைய கொள்கை. அதிலுள்ள சிக்கலும் அவருக்குத் தெரியும். ஆகாமல் போன விபத்தை யாரிடமும் காட்ட முடியாது. அறுந்த வடத்துக்குச் சாட்சி உண்டு. அறாத வடத்தை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

இத்தனை லிஃப்டுகளைக் கவனித்துக்கொண்டவர் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படி, மொத்தம் ஐம்பத்து நான்கு. மனைவி தையற்காரி, முன்னறையில் இரண்டு மெஷின் போட்டிருந்தாள். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். தூங்கும்போது மட்டும் கழற்றுவாள் என்பார் கணவர். அதையும் அவர் கண்ணால் பார்த்துத்தான் சொன்னார்.

நாய் மகளுடையது. ஒரு அட்டைப்பெட்டிக்குள் வைத்து வீட்டுக்கு எடுத்து வந்ததால் பார்சல் என்று பெயர். காது இரண்டும் இரண்டு திசையில் நிற்கும் தவிட்டு நிற நாய். வீட்டுக்கு வந்து எட்டாவது மாதம் மகளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. பெட்டி கட்டினாள், அழுதாள், நாயை அப்பா கையில் கொடுத்தாள். கூடவே ஒரு மஞ்சள் மருந்துப் பெட்டியையும் கொடுத்தாள்.

"அப்பா, இது மட்டும் மறந்துராதீங்க. மாசாமாசம் ஒன்னாந் தேதி ஒரு மாத்திரை. இதே மஞ்சப் பெட்டி. கொசு கடிச்சா நாய்க்கு இதயத்துல புழு வந்துருமாம்."

"கொசு கடிச்சா இதயத்துலயா? அது எப்படிப் போவும்?"

மகள் மிருக வைத்தியர் சொன்னதைச் சொன்னாள். புழு பிடித்த நாயைக் கடித்த கொசு, அடுத்த நாயைக் கடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் புழுக்களை விட்டுவிட்டுப் போகும். அவை தோலுக்கு அடியிலேயே கொஞ்ச நாள் வளர்ந்து, பிறகு ரத்தத்தில் ஏறி, ஆறு மாதத்தில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போகிற குழாய்களில் சேமியா சேமியாவாகக் குடியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஜாண், ஒன்றரை ஜாண். மாத்திரை வரப்போகிற புழுவைத் தடுப்பதில்லை. போன மாதம் வந்து சேர்ந்த குஞ்சுகளைத் துடைத்துவிடும். ஒரு மாதம் தவறினால், துடைக்காமல் விட்டவை வளர்ந்துவிடும். வளர்ந்தவற்றை இந்த மாத்திரை ஒன்றும் செய்யாது.

இதைக் கேட்டபோது அவர் முகத்தில் வந்த பிரகாசத்தை, மகள் ஊருக்குக் கிளம்புகிற நாளில் அப்பாவுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம் என்று மனைவி தவறாக எடுத்துக்கொண்டாள். உண்மையில் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு டாக்டர் தன் பாஷையில் பேசியிருக்கிறார் என்ற சந்தோஷம் அது. மாதாந்திர சர்வீஸ். நின்றுபோவதற்கு முன்னாலேயே.

மறுநாளே ஆபீஸிலிருந்து பயன்படாமல் கிடந்த சர்வீஸ் ரிஜிஸ்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். தேதி, செய்த வேலை, குறிப்பு, கையெழுத்து என்று நான்கு கட்டம். அடுப்படிச் சுவரில் ஆணி அடித்து, நூல் கட்டிய பேனாவோடு தொங்கவிட்டார். ஒன்றாம் தேதி காலை, பல் தேய்ப்பதற்கு முன்னால் மாத்திரை. அந்தப் பதிவுகளைப் படித்தால் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'மாத்திரை ஒன்று கொடுக்கப்பட்டது. துப்பியது. எடுத்து மீண்டும் கொடுக்கப்பட்டது. விழுங்கியது. வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். இல்லை.' கீழே கையெழுத்து. முழுக் கையெழுத்து, சுருக்கம் கிடையாது.

மனைவிக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "எனக்குப் பிரஷர் மாத்திரை தீந்துபோயி ரெண்டு நாளாச்சு. எனக்கும் ஒரு ரிஜிஸ்டர் போடக் கூடாதா?"

"உன் வாயைத் தொறந்து பாக்க எனக்குத் தைரியம் இல்ல."

"ஆமா, தொறந்தா உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வந்துரும்னு பயம்."

குறிப்பு என்ற கட்டம் காலியாக இருப்பது அவருக்குப் பிடிக்காது. அதனால் நாயைப் பற்றி வீட்டில் யார் எதைச் சொன்னாலும் அதில் ஏறும். ஐந்தாவது மாதம் மனைவி, "பார்சலுக்குக் கழுத்து பெல்ட் இறுக்குதுங்க, ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுட்டேன்" என்றாள். எழுதிக்கொண்டார். பத்தாவது மாதம் இன்னொரு ஓட்டை. மழைக்காகத் தைத்துக் கொடுத்த கோட்டு மார்பில் பற்றவில்லை என்று இரண்டு பக்கமும் பிரித்து இரண்டிரண்டு அங்குலம் விட்டாள். அதுவும் ஏறியது. பதினெட்டாவது மாதம் பெல்ட்டில் ஓட்டையே தீர்ந்துபோய், புது பெல்ட். எல்லாம் தேதியோடு, கையெழுத்தோடு.

மஞ்சள் பெட்டி தீர்ந்தால் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவார். "இதே" என்பார். கடைக்காரர் அதையே கொடுப்பார். எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்ததால் டாக்டரிடம் போக வேண்டிய அவசியம் வரவில்லை. தெரு முனையில் வருடம் ஒரு முறை நடக்கும் தடுப்பூசி முகாமில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். அங்கே யாரும் நாயை நிறுத்தி எடை பார்க்கிறதில்லை.

இருபத்தாறாவது பதிவு முடிந்து பத்து நாள் கழித்துப் பார்சல் இருமியது.

முதலில் தொண்டையில் எதுவோ சிக்கியிருக்கிறது என்று நினைத்தார்கள். பிறகு படியேறி மூன்றாவது மாடிக்கு வந்ததும் இருமியது. அதற்குப் பிறகு இரண்டாவது மாடியிலேயே. இரண்டாவது வாரம் நடுப்படியில் உட்கார்ந்து அவரைத் திரும்பிப் பார்த்தது. ஒரு மோட்டார் வழக்கத்தைவிட அதிகமாகச் சூடாகிறது என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றே லீவு போட்டு, ரிஜிஸ்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாயை ஆட்டோவில் ஏற்றினார்.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டு அதைத் தேடுகிற ரகம். முதல் வேலையாகப் பார்சலைத் தரையில் பதித்திருந்த தராசுத் தகட்டின் மேல் நிறுத்தச் சொன்னார். பதினேழு கிலோ நானூறு கிராம். மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். நீண்ட நேரம் கேட்டார்.

"இதயப் புழு மாத்திரை குடுக்குறீங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் இருபத்தாறு மாதமாகக் காத்திருந்தார் என்று சொன்னால் அது மிகையில்லை. ரிஜிஸ்டரை விரித்து, மேஜையில் வைத்து, டாக்டர் பக்கமாகத் திருப்பினார். டாக்டர் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படித்தார். இரண்டாவது பக்கத்தில் சிரித்தார். நாக்கைத் தூக்கிப் பார்த்த இடமாக இருக்க வேண்டும்.

"சார், என் சர்வீஸ்ல இப்படி ஒரு ரிஜிஸ்டர் பாத்ததில்ல. எந்த மாத்திரை?"

மஞ்சள் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் அதைத் திருப்பி, பின்பக்கத்தில் கட்டைவிரல் நகத்தால் ஒரு வரியைக் காட்டினார். சின்ன இங்கிலீஷ் எழுத்து. பதினோரு கிலோ எடை வரையுள்ள நாய்களுக்கு.

"இது பதினோரு கிலோ நாயோட ரிஜிஸ்டர் சார். உங்க நாய் வேற."

அவர் அந்த வரியைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். டாக்டர் ரிஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டே, கெட்ட எண்ணம் இல்லாமல், சத்தமாக வாசித்தார்: "பெல்ட் ஒரு ஓட்டை தளர்த்தப்பட்டது. கோட்டு மார்பு நாலு அங்குலம் விடப்பட்டது. புது பெல்ட் வாங்கப்பட்டது." பிறகு நிமிர்ந்தார். "எல்லாத்தையும் நீங்களே எழுதியிருக்கீங்களே சார்."

எழுதியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே கையெழுத்தும் இருந்தது. எத்தனை பேர், எத்தனை கிலோ என்று தகடு அடித்து ஒட்டாத லிஃப்டை ஓட விடாதவர். பத்துக் கிலோ கூடினாலும் மணி அடிக்க வேண்டும் என்று நாள் முழுக்க எடைக்கல் தூக்கி வைத்துச் சோதிக்கிறவர். வீட்டில் ஒரு குட்டி வளர்ந்து பெரிய நாயாகிவிட்டது என்ற செய்தியைத் தவணை தவணையாகத் தன் கையாலேயே பதிவு செய்துவிட்டு, அதைப் படிக்காமல் விட்டிருக்கிறார்.

காலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதனை அட்டையில் விட்டார்கள். ஒரு கோடு வந்தால் ஒன்றுமில்லை. எட்டு நிமிடத்தில் இரண்டாவது கோடும் வந்தது.

"அளவு கொறஞ்சதால வந்துதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது," என்றார் டாக்டர். "கொறஞ்ச அளவே பல மாசம் காப்பாத்தியும் இருக்கும். எந்த மாசம் எது தப்பிச்சுப் போச்சோ, யாருக்குத் தெரியும்? ஆனா சரியான மாத்திரையே போட்டாலும் வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் பாக்கணும், எடை பாக்கணும். அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

"பொழைக்குமா?"

"பொழைக்க வழி இருக்கு. ஆனா அது என் கையில பாதி, உங்க கையில பாதி."

அவர் கையில் இருந்த பாதி என்னவென்று டாக்டர் விளக்கினார். முதலில் ஒரு மாதம் மாத்திரைகள், பிறகு ஒரு மாத இடைவெளி, பிறகு முதுகுத் தசையில் ஊசி. அதற்கு ஒரு மாதம் கழித்து அடுத்தடுத்த நாளில் இன்னும் இரண்டு ஊசி. ஊசி புழுவைக் கொன்றுவிடும். ஆபத்து அதற்கப்புறம்தான். செத்த புழு துண்டு துண்டாகி ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போகும். நாய் அமைதியாகக் கிடந்தால் உடம்பு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். நாய் ஓடினால், தாவினால், இதயம் வேகமாக அடித்து அத்தனையையும் ஒரே தள்ளாகத் தள்ளிக் குழாயை அடைத்துவிடும். இன்றிலிருந்து கடைசி ஊசி முடிந்து இரண்டு மாதம் வரை ஓட்டம் கிடையாது, விளையாட்டுக் கிடையாது.

"படி ஏறலாமா?"

"கூடவே கூடாது. ஏன், லிஃப்ட் இல்லையா?"

அவர் ரிஜிஸ்டரை மூடிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

வீட்டில் அன்று சண்டை நடந்தது. சண்டையில் இரண்டு பேருக்கும் நியாயம் இருந்ததுதான் கஷ்டம்.

"கழுத்துல டேப்பைப் போட்டுக்கிட்டு ரெண்டு வருஷமா அளந்திருக்கியே, பெருசாயிருச்சுன்னு வாயைத் தொறந்து சொன்னியா?"

"சொன்னேனே! ஓட்டை ஓட்டையாச் சொன்னேன். நீங்கதான் எழுதிக்கிட்டீங்க. காதுல வாங்கிக்கிட்டீங்களா?"

"நான் என்ன தையக்காரனா, மார்பு அளவு சொன்னா எடை தெரியறதுக்கு?"

"ஊர்ல இருக்கிற லிஃப்டுக்கெல்லாம் எத்தனை ஆளு ஏறலாம்னு தகடு அடிக்கத் தெரியுது. பெட்டியில அச்சடிச்சிருக்கிறது கண்ணுக்குத் தெரியல. எனக்குத்தான் அந்த எழுத்துத் தெரியாது, கண்ணாடி போட்டாலும் தெரியாது. உங்களுக்கு என்ன வந்துது?"

அவருக்கு என்ன வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. பார்சல் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்துக்கொண்டு, யார் குரல் உயர்கிறதோ அவர் பக்கம் காதைத் திருப்பியது. மகளுக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். அவரேதான் போட்டார். மகள் முழுவதையும் கேட்டாள். பிறகு, "நான்தாம்பா மஞ்சப் பெட்டின்னு சொன்னேன். எடை மாறினா பெட்டி மாறும்னு டாக்டர் சொன்னதை நான் சொல்லல" என்றாள்.

"நீ சொன்னப்ப அது சரி. அப்புறம் தப்பாப் போச்சு. அப்புறம் இருந்தவன் நான்."

அன்றிலிருந்து லிஃப்ட் மெக்கானிக் லிஃப்டாக மாறினார். ஐம்பத்தேழு வயது, வலது முழங்காலில் கொஞ்சம் பழுது, சரக்கு பதினேழு கிலோ நானூறு கிராம். காலை ஒரு முறை, மதியம் ஒரு முறை, மாலை ஒரு முறை கீழே இறக்கி, வேலை முடிந்ததும் மேலே ஏற்ற வேண்டும். மதியத்துக்கு மட்டும் பால்கனியில் காகிதம் விரித்துப் பார்த்தார்கள். கண்ணியமான வீட்டில் இதெல்லாம் செய்வதில்லை என்பது போலப் பார்சல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆகவே சாப்பாட்டு இடைவேளைக்கு அவர் வீட்டுக்கு வரத் தொடங்கினார்.

கீழ்வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற தபால்காரர், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முதல் வாரம், "என்ன சார், லிஃப்ட் இன்னிக்கு வேலை செய்யுதா?" என்று கேட்டார். இரண்டாவது வாரம், "எனக்கும் ஒரு தடவை மொட்டை மாடி பாக்கணும், ஏத்தி விடுவீங்களா?" என்றார். "எடை சொல்லுங்க, யோசிக்கிறேன்" என்றார் இவர். மூன்றாவது வாரம் தபால்காரர் கேலியை விட்டுவிட்டு, இவர் நாயோடு வரும்போது எழுந்துபோய்க் கம்பிக் கதவைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

கைகளில் தூக்கினால் முதுகு பிடித்தது. மனைவி இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது நாள் கான்வாஸ் துணி வாங்கி வந்து, பார்சலை நிற்க வைத்து, மார்பு, வயிறு, முன்காலிலிருந்து பின்கால் வரை நீளம் என்று எல்லாவற்றையும் அளந்தாள். "எழுதுங்க" என்றாள். அவர் எழுதினார். "எழுதினதைத் திருப்பிப் படிங்க" என்றாள். படித்தார். நான்கு கால்களுக்கும் ஓட்டை விட்டு, முதுகில் மாட்டிக்கொள்கிற பை ஒன்றைத் தைத்தாள். வார்ப்பட்டைக்கு அவர் தன் பழைய பாதுகாப்பு பெல்ட்டை வெட்டிக் கொடுத்தார். எத்தனை கிலோ தாங்கும் என்று அவரிடம் அவள் கேட்டாள், அவர் சொன்னார், அவள் மறுபடியும் கேட்டாள். அதுதான் சமாதானம். வேறு மாதிரி சமாதானம் அந்த வீட்டில் வழக்கமில்லை.

மாத்திரைகள் போட்ட மூன்றாவது வாரத்திலேயே இருமல் குறைந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். நோயாளி என்று ஒரு நாயை நம்ப வைப்பது முடியாத காரியம். உடம்புக்கு நன்றாக இருக்கிறது, கீழே பூனை போகிறது, வாயில் பந்து இருக்கிறது. ஏன் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று அது மணிக்கணக்காக அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஓடுகிற லிஃப்டை ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்ட அத்தனை முகங்களும் அவருக்கு ஞாபகம் வந்தன. அவர்களுக்கெல்லாம் வாய் இருந்தது. அவரும் பதிலுக்கு ஒன்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். இதனிடம் என்ன சொல்வது? "உள்ள இருக்குடா, உனக்குத் தெரியல" என்று காதைச் சொறிந்துவிடுவார். கண்ணுக்குத் தெரியாததை நம்பு என்று வாழ்நாள் முழுவதும் ஊருக்குச் சொன்னவருக்கு, அதைக் கேட்கிறவனுக்கு எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது.

முதல் ஊசி போயிற்று. இரண்டாவதும் மூன்றாவதும் போயின. மூன்றாவது ஊசி போட்டு ஒன்பதாவது நாள் மதியம் அது நடந்தது.

சாப்பாட்டு வேளைக்கு அவர் வந்துகொண்டிருந்தார். முன்னறையில் கவுன் தைக்கக் கொடுத்த பெண் ஒருத்தி அளவு சரிபார்த்துவிட்டுக் கிளம்பினாள். மனைவியின் வாயில் நாலு குண்டூசி. கதவைக் காலால் தள்ளிச் சாத்தினாள். கதவு சாத்தியது போல இருந்தது, தாழ் விழவில்லை. நாயின் கயிற்றையும் அப்போது அவிழ்த்திருந்தாள், கயிறு உரசிப் புண் வந்த இடத்தில் மருந்து தடவுவதற்காக. அவருடைய செருப்புச் சத்தம் கீழே கேட்டதும் பார்சல் மூக்கால் கதவை விலக்கிக்கொண்டு பாய்ந்தது.

அவர் முதல் மாடித் திருப்பத்தில் நிற்கும்போது மேலேயிருந்து நகங்கள் படியில் அடிக்கிற சத்தம் கேட்டது. "வேண்டாம், நில்லு, நில்லுடா" என்று கத்தினார். குரல் கேட்டதால் அது இன்னும் வேகமாக வந்தது. மூன்று மாதமாக ஒரு முறையும் ஓடாத நாய், மொத்தத்தையும் சேர்த்து ஓடி வந்து அவர் மார்பில் விழுந்தது. வாலை ஆட்டியது. பிறகு இருமியது. இருமலில் இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் நுரை வந்தது. நாக்கின் நிறம் மாறிக்கொண்டிருந்தது.

ஆட்டோவில் மனைவி வாயிலிருந்து குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சேலை ஓரத்தில் குத்திக்கொண்டாள். அவர் மடியில் பார்சல் கழுத்தை நீட்டி நீட்டி மூச்சு இழுத்தது.

"எவ்வளவு ஓடுச்சு?" என்று டாக்டர் கேட்டார், கை வேலை செய்துகொண்டே இருக்க.

"முப்பத்தாறு படி. எறக்கம். பதினஞ்சு செகண்டு இருக்கும். ஒன்னு பத்துக்கு. ஒன்னு பன்னெண்டுக்கு ரத்தம்."

டாக்டர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். "நல்லது. இப்படிச் சொன்னாத்தான் எனக்கு வேலை செய்ய முடியும்." ஊசிகள் போட்டார். மூக்கை மூடி ஆக்சிஜன் வைத்தார்கள். இரண்டு நாள் இங்கேயே இருக்கட்டும், நாளை மாலைக்குள் மூச்சிரைப்பு இறங்கிவிட்டால் பயமில்லை என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ரிஜிஸ்டரை எடுத்தார். தேதி எழுதினார். 'ஓடியது, 36 படி' என்று எழுதினார். குறிப்பு என்ற கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு விபத்து நடந்தால் யார் கதவைத் திறந்தது, யார் சாத்தவில்லை என்று எழுதாமல் அவர் எந்த ரிஜிஸ்டரையும் மூடியதில்லை. அப்படி எழுதியதால் இரண்டு பேர் வேலை இழந்திருக்கிறார்கள், இன்றும் அவரோடு பேசுவதில்லை. அதில் தப்பிருக்கிறது என்று அவர் ஒரு நாளும் நினைத்ததில்லை. முன்னறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசிக்கு அடியில் துணியே இல்லாமல் ஓடுகிற சத்தம். முப்பது வருடம் கேட்ட காதுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

குறிப்பைக் காலியாக விட்டுக் கையெழுத்துப் போட்டார். ரிஜிஸ்டரை ஆணியில் மாட்டினார்.

மறுநாள் காலை அந்தக் கட்டம் காலியாக இல்லை. அந்த ரிஜிஸ்டரில் ஒரு எழுத்தும் எழுதியிராத மனைவி, துணியில் சாக்பீஸால் குறிக்கிற அதே பெரிய எழுத்தில், கட்டத்துக்கு வெளியே வழிய எழுதியிருந்தாள்: 'கதவை நான்தான் சரியாச் சாத்தல. கயித்தை அவுத்ததும் நான்.' கீழே கையெழுத்து. கொஞ்சம் கோணல், பாங்கில் போடுவதற்கு மட்டும் பழகிய கையெழுத்து.

"எதுக்கு எழுதினே?"

"நீங்க எழுதலையே. காலியா இருந்தா உங்களுக்குத் தூக்கம் வராதுன்னுதான்."

"எழுதாமலும் வரல. எழுதியிருந்தாலும் வந்திருக்காது."

"அப்ப எழுந்திருங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம். இங்க உக்காந்துக்கிட்டு ரெண்டு பேரும் என்ன கிழிக்கப்போறோம்?"

மாலைக்குள் இரைப்பு இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் இறங்கியது. டாக்டர் ஆக்சிஜன் குழாயை எடுத்தபோது பார்சல் முதலில் டாக்டரின் கையை நக்கியது. இவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். பிறகு இவர்கள் பக்கம் திரும்பி, எழுந்து வருகிற உத்தேசம் இல்லாமல், வாலை மட்டும் இரண்டு தடவை தட்டியது. மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

வீட்டுக் கதவில் அவர் இரண்டாவது தாழ் ஒன்று போட்டார். தையல் வாடிக்கையாளர்கள் உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் இரண்டு தாழ்களின் அனுமதி தேவைப்பட்டது. ஊதா நிறப் பெட்டி, பன்னிரண்டு கிலோவிலிருந்து இருபத்திரண்டு வரை, அலமாரிக்கு வந்தது. ரிஜிஸ்டரில் ஐந்தாவதாக ஒரு கட்டம் கோடு போட்டுச் சேர்த்தார்: எடை. நாயைப் பையில் சுமந்துகொண்டு தராசில் ஏறி, தன் எடையைக் கழித்துக்கொள்வார். அப்படிக் கழிப்பதற்காகத் தன் எடையையும் மாதம் ஒரு முறை பார்க்க வேண்டியிருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் மனைவி அவருடைய ராத்திரி ரொட்டியில் ஒன்றைக் குறைத்தாள். பார்சலுக்கு வருகிற போகிறவர்கள் கொடுத்த பிஸ்கட்டும் நின்றது. நாயும் அவரும் ஒருவரை ஒருவர் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

கடைசி ஊசிக்கு இரண்டு மாதம் கழித்துக் கயிறு போட்டு மெதுவாக நடக்கலாம் என்றார் டாக்டர். படிக்கு மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. டாக்டர் சம்மதித்தார், இவர்தான் சம்மதிக்கவில்லை. "கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லிச் சுமந்தார். கொஞ்ச நாள், ஏழு மாதம் ஆயிற்று. ரத்தத்தை மறுபடி பார்க்க அத்தனை நாள் காத்திருக்க வேண்டும்; அதற்கு முன்னால் பார்த்தால் செத்த புழுவின் தடயமே கோடாக வந்து ஏமாற்றும்.

அந்த நாளும் வந்தது. மூன்று பேரும் போனார்கள். ஒரு சொட்டு ரத்தம், சோதனை அட்டை, எட்டு நிமிடம். அட்டையை டாக்டர் மேஜை நடுவில் வைத்தார். மனைவி பார்க்கவில்லை, சுவரில் இருந்த பூனைப் படத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்தார். எட்டு நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. ஒரு கோடுதான்.

"இல்ல சார். போயிருச்சு" என்றார் டாக்டர்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் பாக்கலாமா?"

"பாருங்க" என்றார் டாக்டர். அவரும் கண்ணாடியைத் தேடுகிற சாக்கில் கூடவே பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு நிமிடத்துக்கும் ஒரு கோடுதான். எடை பதினான்கு கிலோ அறுநூறு. மாத்திரை மாதாமாதம் தொடர வேண்டும், அடுத்த வருடம் மறுபடி ரத்தம், அதற்கடுத்த வருடமும். "இது முடியுற வேலை இல்ல" என்றார் டாக்டர். "தெரியும்" என்றார் அவர். அவருக்கு அது மன நிறைவாகவே இருந்தது.

வீட்டு வாசலில் ஆட்டோ நின்றது. மனைவி சாவியோடு முன்னால் ஏறிப் போனாள். கான்வாஸ் பையை வேண்டுமென்றே வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். பார்சல் முதல் படியருகே போய்த் திரும்பி உட்கார்ந்துகொண்டு, முன்கால்களைச் சற்றே தூக்கிக் கொடுத்தது. ஒரு வருடமாகப் பழகிய பயணி.

"ஏறுடா. நீதான் ஏறணும்."

ஏறவில்லை. தபால்காரர் கம்பிக் கதவைப் பிடித்தபடி, "பழக்கம் போவாது சார், தூக்கிருங்க" என்றார். இவரும் குனிந்தார். குனிந்தவர் தூக்காமல், முனகிக்கொண்டே அதன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் தெருவைப் பார்த்தபடி சும்மா இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பார்சலுக்கே அலுத்துவிட்டது. எழுந்தது, ஒரு படியை முகர்ந்தது, ஏறியது. அவர் பின்னாலேயே, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கண் படியில் இல்லை. காது முழுவதும் அதன் மூச்சில் இருந்தது. முதல் மாடித் திருப்பத்தில் நின்று கேட்டார். இரண்டாவதில் நின்று கேட்டார். பழைய நாட்களில் அது திரும்பிப் பார்த்த நடுப்படி வந்தது. அது திரும்பாமல் போயிற்று.

மூன்றாவது மாடியில் மனைவி இரண்டு தாழையும் நீக்கிவிட்டு வாசலில் நின்றாள். நாய் அவள் காலைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. இவர் சுவரில் கை ஊன்றி இரைத்துக்கொண்டிருந்தார்.

"இருமல் வந்துதா?"

இல்லை என்று கையால் காட்டினார். பேச மூச்சு வரவில்லை.

"உங்களைப் பத்தித்தான் நான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் எடுத்துவர அவள் உள்ளே போனாள்.